இரண்டாம் தரம் கேட்காத வீடு

"அம்மா, பசிக்கேக்க 'வேண்டாம்' எண்டு சொல்லுறது பொய்தானே?"

ஏஞ்சலாவுக்கு அப்போது ஆறு வயது. கனடாவில், வெக்ஸ்போர்டில் ஒரு பிறந்தநாள் வீட்டிலிருந்து திரும்பும் வழியில், காரின் பின் இருக்கையிலிருந்து கேட்டாள். அந்த வீட்டில் பெரிய தட்டில் றோல்ஸ் வந்தது. குழந்தை கையை நீட்டியது. தாய் எமில்டா கண்ணைக் காட்டினாள். நீண்ட கை மடங்கியது. "வேண்டாம் அன்ரி" என்றது குழந்தை. வீட்டுக்காரி விடவில்லை. இரண்டாம் தரம் கேட்டாள். மூன்றாம் தரம் கன்னத்தைத் தடவிக் கேட்டாள். அதன் பிறகே தாயின் தலை அசைந்தது, குழந்தை எடுத்தது.

"பொய் சொன்னா பாவம்தானே அம்மா?"

"அது பொய் இல்லை. மரியாதை. பேசாமல் இரு."

பின் இருக்கை பேசாமல் இருந்தது. பத்து வருடம் பேசாமலே இருந்தது. பெரிய வெள்ளிக்கிழமை காலையில்தான் அந்தக் கேள்வி திரும்பி வந்து எமில்டாவின் வாசலில் நின்றது.

மாசி மாதத்துப் பனியில், விமான நிலையத்தில், மகளின் கையை விட மனமில்லாமல் நின்றவள் எமில்டா. ஏஞ்சலா படிக்கும் உயர்பாடசாலை ஸ்பானிய மொழி படிக்கும் பிள்ளைகளை எக்குவடோர் நாட்டுக்கு அனுப்புகிறது. குவென்கா என்ற மலைநகரத்தில் எலேனா என்பவளின் வீட்டில் ஏஞ்சலா அரை வருடம் தங்குவாள். எலேனாவின் மகள் மரீசோல் இங்கே அஜின்கோர்ட்டில், ஏஞ்சலாவின் அறையில், ஏஞ்சலாவின் கட்டிலில். பிள்ளைக்குப் பிள்ளை, வீட்டுக்கு வீடு. ஒரு வீடு கைவிட்டால் இரண்டு பிள்ளைகளும் திரும்ப வேண்டும் என்பதுதான் ஏற்பாடு.

எமில்டாவுக்கு இதில் விருப்பமே இருக்கவில்லை. ஆனால் ஏஞ்சலா பிறந்ததிலிருந்து தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாத பிள்ளை. சப்பாத்து கிழிந்தால்கூட அதைத் தாய்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவள் வாய் திறந்து கேட்ட முதல் ஆசை இந்தப் பயணம்தான். தகப்பன் அமிர்தநாதர், "பிள்ளை கேட்டிட்டுது, எமில்டா. இதுக்கும் மறுத்தா இனிக் கேக்காது" என்றார். அந்த ஒரு சொல்லில் எமில்டா தோற்றாள்.

அன்று காலை கராஜில் காஸ் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. கோவிலில் மூன்று மணி ஆராதனை முடிந்ததும் சனத்துக்குக் கொடுக்கிற கஞ்சி வருடா வருடம் எமில்டாவின் பொறுப்பு. பச்சையரிசியும் வறுத்த பயறும் வெந்து, தேங்காய்ப்பால் விடுகிற நேரம். அகப்பையை அமிர்தநாதரிடம் கொடுத்துவிட்டு, அடித்த தொலைபேசியை எடுத்தாள். பாடசாலையில் ஸ்பானிய மொழி படிப்பிக்கிற, இந்தத் திட்டத்தைப் பொறுப்பாக நடத்துகிற நிரூபா மிஸ்.

"அன்ரி, இண்டைக்குப் போன் எடுக்கக்கூடாது எண்டு தெரியும். குறை நினைக்காதேங்கோ."

"பரவாயில்லை பிள்ளை. ஏஞ்சலாவுக்கு ஒண்டுமில்லைத்தானே?"

"சுகமா இருக்கிறா. எலேனா நேற்று என்னோட கதைச்சவா. அழுதவா, அன்ரி."

எமில்டா கராஜ் கதவை ஒருக்களித்துச் சாத்தினாள்.

"ஏஞ்சலா தங்கட சாப்பாட்டைச் சரியாத் தொடுறதே இல்லையாம். சாப்பிடுறியோ எண்டு கேட்டா, வேண்டாம், நன்றி எண்டு சிரிச்சுக்கொண்டு சொல்லிப்போட்டு அறைக்குள்ள போய்க் கதவைச் சாத்துறாவாம். நேற்று எலேனா அந்த அறையைக் கூட்டப் போக, எறும்பு வரிசையா ஊருதாம். கட்டிலுக்குக் கீழ பாத்தா முறுக்குப் பை, பகோடாப் பை, கச்சான் அல்வாப் பெட்டி... எல்லாம் வெறும் பை."

"அது நான் குடுத்துவிட்டது" என்றாள் எமில்டா. 

"தெரியும் அன்ரி. அவ கோவத்தில கதைக்கேல்லை. 'என்ர சாப்பாடு பிள்ளைக்கு அருவருப்பாப் போச்சு. என்ர கூரைக்குக் கீழ ஒரு பிள்ளை ஒளிச்சிருந்து சாப்பிடுறதை நான் கர்த்தருக்கு என்னண்டு சொல்லுவன்' எண்டு அழுறா. ஈஸ்டர் முடியப் பிள்ளையளைத் திருப்பி எடுப்பம் எண்டு நிக்கிறா. ஏஞ்சலா இஞ்ச வந்தா இந்தத் தவணைப் படிப்பு முழுக்கப் போயிடும். மரீசோலுக்கும் அப்பிடித்தான். பின்னேரத்துக்கிடையில நான் ரெண்டு வீட்டுக்கும் ஒரு முடிவு சொல்லோணும்."

தொலைபேசியை வைத்ததும் எமில்டாவுக்கு முதலில் ஞாபகம் வந்தது எறும்பு அல்ல. போன தை மாதம், முதன்முதலாக இரண்டு வீட்டாரும் வீடியோவில் முகம் பார்த்த நாள். நிரூபா மிஸ் நடுவிலிருந்து மொழிபெயர்த்தாள். உங்கள் மகளுக்கு என்ன சாப்பாடு பிடிக்கும் என்று எலேனா கேட்டாள். எமில்டா நல்ல குடும்பத்துப் பெண் சொல்லுகிற பதிலைச் சொன்னாள். "ஐயோ, அவளுக்கெண்டு ஒண்டும் செய்யாதேங்கோ. அவளுக்கு ஒண்டும் வேண்டாம். நீங்கள் கரைச்சல் படாதேங்கோ."

நம்மவர் வீடாக இருந்தால் அதைக் கேட்டுவிட்டுச் சிரித்து, அன்றைக்கே கோழியை ஊறப்போட்டிருப்பார்கள். எலேனா தலையை ஆட்டி, அதை அப்படியே நம்பினாள்.

அமிர்தநாதர் அகப்பையோடு நின்று அவள் சொன்ன எல்லாவற்றையும் கேட்டார். பேக்கரியில் இரவு வேலை முடித்து வந்த கண் சிவந்திருந்தது.

"நான் அண்டைக்கே சொன்னனான், அனுப்பாதேங்கோ எண்டு" என்றாள் எமில்டா.

"சொன்னனீர்தான். சூட்கேசுக்குள்ள ஒரு பலசரக்குக் கடையை அடைஞ்சுவிட்டது ஆர்? உடுப்பு வைக்க இடமில்லாமல் பிள்ளை ரெண்டு ஜக்கெற்றை மேல போட்டுக்கொண்டெல்லோ போனது."

"ஆத்திர அவசரத்துக்கு எண்டு குடுத்தனான். நீங்கள் என்ன செய்தனீங்கள்? அங்கால கதைக்கேக்கயெல்லாம் காலநிலையைத்தானே விசாரிக்கிறனீங்கள்."

அவர் பானைப் பக்கம் திரும்பினார். கஞ்சியைத் துழாவினார். அடிப்பிடிக்காத கஞ்சியை அடிப்பிடித்ததுபோலத் துழாவினார்.

"என்னப்பா?"

"போன கிழமை என்னட்டைச் சொன்னவள்" என்றார் மெதுவாக. "அப்பா, இரவில பசிக்குது எண்டு. நான்... கடையில ஏதும் வாங்கிச் சாப்பிடு, அந்தச் சனத்துக்குக் கரைச்சல் குடாதை எண்டனான்."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கஞ்சியின் ஆவி இடையில் எழுந்தது. அன்றைய நாள் உபவாச நாள். இருவரும் காலையிலிருந்து பச்சைத் தண்ணீரோடு நின்றார்கள். அவர்கள் விரும்பி எடுத்த பசி அது. மகளுக்கோ அதை ஊட்டி அனுப்பியிருந்தார்கள்.

"நாங்கள் ரெண்டு பேரும் சேந்துதான் பிள்ளையைப் பட்டினி போட்டிருக்கிறம், எமில்டா."

அவள் மகளை அழைக்க மாடி அறைக்குப் போனாள்.

ஏஞ்சலாவின் முகம் திரையில் வந்தது. கன்னம் ஒட்டியிருந்தது. வீடியோவில் தினமும் பார்த்த முகம்தான். தினமும் பார்த்தவளுக்கு அது தெரியவில்லை.

"ஐ ஆம் ஃபைன், அம்மா."

"பொய் சொல்லாதை பிள்ளை. நிரூபா மிஸ் எல்லாம் சொன்னவா."

ஏஞ்சலா உதட்டைக் கடித்தாள். பிறகு அணை உடைந்ததுபோல வந்தது.

"நான் சாப்பிடமாட்டன் எண்டு சொல்லவே இல்லை அம்மா. அவங்க வன்ஸ்தான் கேப்பாங்க. வன்ஸ்! நான் நோ கிராசியாஸ் எண்டு சொல்லுவன். அகெய்ன் கேப்பாங்க எண்டு வெயிற் பண்ணுவன். அவங்க 'சரி' எண்டுட்டு சட்டியை மூடிடுவாங்க. எவ்ரி டே. நல்ல வாசம் வேற. ஒரு நாள் உருளைக்கிழங்கு சூப். சீஸ் எல்லாம் போட்டு. நான் மேல படுத்துக்கொண்டு மணந்துகொண்டு கிடந்தன்."

"முதல் தரமே ஓம் எண்டு சொல்லியிருக்கலாமே, குஞ்சு."

"நீங்கதானே அம்மா..." என்றாள் ஏஞ்சலா. அதற்கு மேலே சொல்லவில்லை. தாயைக் குற்றம் சொல்லக்கூடாது என்பதும் அவளுக்குப் படிப்பிக்கப்பட்டிருந்தது.



"முறுக்கும் முடிஞ்சுது" என்றாள் மகள். அழுகையும் சிரிப்புமாக ஒரு சத்தம் வந்தது. "இப்ப எலேனா என்னை நிமிர்ந்தே பாக்கிறா இல்லை. எல்லாரும் இன்சல்ற் எண்டு நினைக்கிறாங்கள். எனக்கு ஏலாது அம்மா. நான் வீட்டை வாறன்."

நான் வீட்டை வாறன். இரண்டு மாதமாக எமில்டா மாதாவின் படத்துக்கு முன்னால் முழங்காலில் நின்று கேட்ட வசனம் அதுதான். இதோ, பெரிய வெள்ளிக்கிழமை காலையில் கேட்டது கிடைத்துவிட்டது. "வா மகளே" என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஞாயிற்றுக்கிழமை கழியப் பிள்ளை தன் கட்டிலில் படுத்திருக்கும்.

அந்தச் சொல் நாக்கின் நுனிவரை வந்தது. வந்து அங்கேயே நின்றது.

எக்குவடோர் என்ற பெயரை ஏஞ்சலா முதன்முதலாக உச்சரித்த நாளில் எமில்டா கையிலிருந்த கோப்பையைப் போட்டு உடைத்தாள். ஏன் என்று அவள் யாருக்கும் சொல்லவில்லை. கனடாவுக்கு வருகிற வழியில் அந்த நாட்டில் சில காலம் தங்கினாள் என்பது மட்டும் அமிர்தநாதருக்குத் தெரியும்.

அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. தமையனோடு கீற்றோ நகரத்தில் ஒரு மாடி அறை. கூட்டி வந்த ஏஜென்ற் இன்று வருகிறேன், நாளை வருகிறேன் என்று போனவன் வரவில்லை. தமையன் காலையில் அவனைத் தேடிப் போனால் இருட்டும்போதுதான் வருவான். அறையில் பாண் முடிந்துபோயிருந்தது. கீழ்வீட்டில் ஒரு பெண் இருந்தாள். முற்றத்துக் கல்லில் ஊராரின் உடுப்புத் தோய்த்துப் பிழைப்பவள். ஒரு நாள் மாடிப்படியில் இருந்த சிறுமியைக் கையைப் பிடித்துக் குசினிக்குள் கூட்டிப்போய், கிண்ணத்தைக் காட்டி, வேணுமா என்று சைகையால் கேட்டாள். எமில்டா தலையை ஆட்டினாள். வேண்டாம். அந்த வயதிலேயே நன்றாகப் பழக்கப்பட்ட தலை அது. அந்தப் பெண் சிறிது நேரம் அவளைப் பார்த்தாள். கிண்ணத்தை எடுத்து வைத்துவிட்டாள்.

அடுத்த நாள் அவள் கேட்கவில்லை. கூட்டிப்போய் இருத்தினாள். ஆவி பறக்கிற கிண்ணத்தை மேசையில் வைத்தாள். பிறகு முதுகைக் காட்டிக்கொண்டு நின்று பாத்திரம் கழுவத் தொடங்கினாள். கழுவி முடித்த பாத்திரத்தைத் திரும்பவும் கழுவினாள். ஏதோ பாட்டை முணுமுணுத்தாள். ஒரு தரமும் திரும்பிப் பார்க்கவில்லை. யாரும் பார்க்காத இடத்தில் மரியாதை தேவைப்படவில்லை. பசி மட்டும் இருந்தது. கிண்ணம் வெறுமையான பிறகுதான் அந்த முதுகு திரும்பியது.

ஏஜென்ற் வந்து அவர்களைக் கிளப்பும் வரைக்கும் தினமும் அது நடந்தது. போகிற அவசரத்தில் எமில்டா அந்தப் பெண்ணின் பெயரைக்கூடக் கேட்கவில்லை. நன்றி சொல்ல மொழியும் இருக்கவில்லை. இன்றுவரைக்கும் ஜெபமாலையில் ஒரு மணி, பெயர் இல்லாத ஒருத்திக்காக உருளுகிறது.

"அம்மா? லைனில இருக்கிறீங்களோ?"

"இருக்கிறன்" என்றாள் எமில்டா. "ஏஞ்சலா, நீ சின்னப் பிள்ளையில காருக்குள்ள ஒரு கேள்வி கேட்டனி. பசிக்கேக்க வேண்டாம் எண்டு சொல்லுறது பொய்தானே எண்டு."

"ஞாபகம் இல்லை."

"எனக்கு இருக்கு. அது பொய்தான் பிள்ளை. நான் அண்டைக்கு உனக்குப் பிழையாச் சொல்லித் தந்திட்டன்."

திரையில் ஏஞ்சலா தாயை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீ வரோணும் எண்டா வா. கதவு திறந்துதான் கிடக்கு. ஆனா இப்ப வந்தா, அந்த மனுசி சாகுமட்டும் தன்ர சாப்பாடு கூடாது எண்டு நினைச்சுக்கொண்டு இருக்கும். நீயும் சாகுமட்டும் ஒருத்தரிட்டையும் ஒண்டும் கேக்க மாட்டாய். இண்டைக்கு அங்க கூழ் வைக்கிற நாள் எல்லே?"

மரீசோல் அதைப் பற்றிக் கதைகதையாகச் சொல்லியிருந்தாள். பெரிய வெள்ளிக்கு அந்த நாட்டில் வீட்டுக்கு வீடு ஒரு கூழ் வைப்பார்கள். அப்போஸ்தலர் ஒவ்வொருவருக்கும் ஒன்றாகப் பன்னிரண்டு வகைத் தானியம், கருவாடு, பால், பூசணி. "அட, உது எங்கட கூழ் மாதிரியெல்லோ" என்று எமில்டா அன்றைக்கு வாய்விட்டுச் சொன்னாள்.

"ஓம். கோவிலால எல்லாரும் வந்தாப் பிறகு கீழ சாப்பிடுவாங்க. சொந்தக்காரர் முழுக்க."

"சனம் வர முந்தியே கீழ போ. எலேனாவுக்குப் பக்கத்தில நில். எனக்குப் பசிக்குது எண்டு சொல்லு. அவ கேக்க முதல் நீ கேள்."

"அது வெக்கம் அம்மா!"

"தெரியும். எனக்கு இப்பவும் வெக்கம்தான். அதுக்காகத்தான் உன்னை அனுப்புறன்."

ஏஞ்சலா மூக்கை உறிஞ்சினாள். "சாப்பிட்டு, அவங்களும் சரி எண்டு சொன்னாங்க எண்டா, நான் கோல் பண்ணுறன். இல்லாட்டி மிஸ் எடுப்பா. ஃப்ளைற் எப்ப எண்டு சொல்ல."

"சரி மகளே. ஆர் எடுத்தாலும் அம்மா இஞ்சதான் இருப்பன்."

அழைப்பு முடிந்தது. சுவருக்கு அப்பால், ஏஞ்சலாவின் அறையில், மரீசோல் தன் தாயோடு உரத்துக் கதைக்கிற சத்தம் கேட்டது. எமில்டாவுக்கு மொழி விளங்காவிட்டாலும் ஒரு பிள்ளை தாயிடம் கெஞ்சுகிற தொனி எந்த மொழியிலும் விளங்கும். பிறகு சத்தம் நின்றது. அலுமாரி திறபட்டது. சூட்கேசின் சில்லு நிலத்தில் உருண்டது.

மரீசோல் இந்த வீட்டில் முதலாவதாகப் படித்த தமிழ்ச்சொல் 'காணும்', அதாவது போதும். எமில்டாவின் அகப்பைக்கு அந்தச் சொல் விளங்குவதில்லை என்பதை இரண்டாவதாகப் படித்தாள். கையால் தட்டை மறைத்தால் விரல் இடுக்கால் சோறு விழும். "அன்ரி, காணும், காணும்" என்று அவள் கத்த, அமிர்தநாதர் சிரிக்க, இரவுச் சாப்பாடு திருவிழாபோல நடக்கும். அந்தப் பிள்ளையின் அறையிலிருந்து இப்போது ஒரு சத்தமும் இல்லை.

எமில்டா கதவைத் தட்டினாள். மரீசோலும் அவளும் கதைப்பது அரைகுறை ஆங்கிலத்தில். "பிள்ளை, வந்து கொஞ்சம் சாப்பிடு. உனக்கு உபவாசம் தேவையில்லை."

"வேண்டாம் அன்ரி. தாங்க் யூ."

"ஒரு துண்டு பாண்?"

"வேண்டாம்."

மூன்றாம் தரமும் கேட்டாள். கதவு சிறிது திறந்தது. அழுது வீங்கிய முகம்.

"அன்ரி, என்ர அம்மான்ர வீட்டில ஏஞ்சலா பசியோட இருந்திருக்கிறா. நான் இஞ்ச உங்கட கையால ஒவ்வொரு நாளும்... நான் என்னண்டு இந்த மேசையில இருக்கிறது?"

கதவு மூடிக்கொண்டது.

எமில்டா நடையில் நின்றாள். மூன்று தரம் கேட்டாயிற்று. அவளுக்குத் தெரிந்த மரியாதை முழுவதும் அவ்வளவுதான். ஒரு தரம் கேட்கிற வீட்டில் ஒரு பிள்ளை பட்டினி. மூன்று தரம் கேட்கிற வீட்டில் இன்னொரு பிள்ளை பட்டினி.

பகல் தாண்டியது. அமிர்தநாதர் குளித்து வெள்ளைச் சேட்டுப் போட்டு வந்தார். கஞ்சிப் பானையைத் துவாயால் சுற்றி வான் வண்டியில் ஏற்றினார். "வெளிக்கிடேல்லையே? நேரமாகுது. சிலுவை முத்தி செய்யச் சனம் நிரம்பப்போகுது."

"நீங்கள் போட்டு வாங்கோ. நான் நிக்கிறன்."

அவர் திகைத்தார். கலியாணம் முடித்த காலத்திலிருந்து எமில்டா பெரிய வெள்ளி ஆராதனையைத் தவறவிட்டதில்லை. பிள்ளை வயிற்றில் எட்டு மாதமாக இருந்தபோதுகூட முழங்காலில் நின்றவள்.

"சுவாமி கேட்டா என்ன சொல்ல?"

"வீட்டில ஒரு பிள்ளை தனிய இருக்குது எண்டு சொல்லுங்கோ. அவருக்கு விளங்கும்."

அவர் வண்டியின் திறப்பை எடுத்தார். பிறகு, வழக்கத்தில் இல்லாதபடி, அவளுடைய தலையில் ஒரு கணம் கையை வைத்துவிட்டுப் போனார். வாசற்பாதையோரத்தில் கறுத்துக் கிடந்த பழைய பனிக்குவியலை உரசிக்கொண்டு வான் வெளியேறியது.

வீடு அமைதியாயிற்று. எமில்டா பானையிலிருந்து முன்பே ஒரு சின்னச் சட்டியில் எடுத்து வைத்திருந்த கஞ்சியை அடுப்பில் மெல்லச் சூடாக்கினாள். தொலைபேசியை மேசையில், சுவரோரத்தில், சார்ஜில் போட்டாள். மூன்று மணிக்கு முழங்காலில் நின்று ஒரு பரமண்டல மந்திரம் சொன்னாள். கோவிலில் சிலுவையை மூடியிருக்கும் துணி இப்போது விலகும் என்று நினைத்தாள். தொலைபேசி பேசாமல் கிடந்தது.

நான்கு மணியளவில் மாடிப்படியில் காலடி கேட்டது. மரீசோல் வெறும் கிளாஸோடு தண்ணீர் எடுக்க வந்தாள். எமில்டாவைக் கண்டதும் படியிலேயே நின்றாள். "நீங்கள் கோவிலுக்குப் போகேல்லையா அன்ரி?"

எமில்டா எழுந்து அடுப்பருகே போனாள். சாப்பிடுகிறாயா என்று கேட்கவில்லை. கிண்ணத்தில் கஞ்சியை வார்த்தாள். ஒரு கரண்டியை அருகில் வைத்தாள். கதிரையைச் சற்று வெளியே இழுத்துவிட்டாள். பிறகு சிங்கின் பக்கம் திரும்பி, குழாயைத் திறந்து, சட்டியைக் கழுவத் தொடங்கினாள்.

சிங்குக்கு மேலே ஜன்னல். அடுத்த வீட்டு வேலி, ஈரமான வெறும் மரம், தாழ்ந்த வானம். முதுகுக்குப் பின்னால் ஒன்றும் கேட்கவில்லை. எமில்டா சட்டியின் வெளிப்பக்கத்தை உரஞ்சினாள். பிடியை உரஞ்சினாள். மாதா பாட்டொன்று தானாக வாயில் வந்தது, முணுமுணுத்தாள்.

கதிரை நிலத்தில் உரசியது.

சிறிது நேரம். பிறகு கரண்டி கிண்ணத்தில் மெல்லத் தட்டியது. ஒரு தரம். இன்னொரு தரம். பிறகு விரைவாக, பசித்த பிள்ளையின் அவசரத்தோடு.

எமில்டா கழுவி முடித்த சட்டியைத் தண்ணீரில் அமிழ்த்தித் திரும்பவும் கழுவத் தொடங்கினாள்.

அப்போது மேசையில் தொலைபேசி அடித்தது.

அவளுடைய உடம்பு முழுவதும் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஏஞ்சலாவாக இருந்தால் பிள்ளை சாப்பிட்டுவிட்டது. நிரூபா மிஸ்ஸாக இருந்தால் பிள்ளை திரும்பி வருகிறது. ஒரு தரம் திரும்பினால் திரையில் பெயர் தெரியும். திரும்பினால், கிண்ணத்துக்கு மேலே குனிந்திருக்கிற முகமும் தெரியும்.

கரண்டி நின்றுவிட்டது.

அவள் திரும்பவில்லை. குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டாள். பாட்டைக் கொஞ்சம் உரக்கப் பாடினாள்.

தொலைபேசி அடித்து அடித்து ஓய்ந்தது.

சிறிது நேரத்தின் பின் கரண்டி மீண்டும் அசைந்தது. எமில்டா கண்ணை மூடிக்கொண்டாள். கிண்ணத்தின் அடியைச் சுரண்டுகிற சத்தம் வரும்வரைக்கும் அந்த ஒரே சட்டியைக் கழுவிக்கொண்டு நின்றாள்.